இரண்டாம் பக்கம், அடியில்

தப்பை ஒப்புக்கொள்ளும் இடம்
எங்கள் பத்திரிகையில் நான்கு வரி உயரம்.
இரண்டாம் பக்கம், அடியில்,
கடல் ஏறும் வற்றும் நேரங்களுக்கு மேலே.
பதினோரு வருஷமாக அது என் காணி.

பிரிட்ஜ்டவுனில், படகுத் துறையைப் பார்த்தபடி
ஆர்கஸ் அலுவலகம் இரண்டு முறை எரிந்து
நான்கு முறை கட்டப்பட்டிருக்கிறது.
கணக்கு இடிக்கிறது; கேட்க ஆளில்லை.
ஆர்கஸ் என்றால்
உடம்பெல்லாம் கண் கொண்ட காவல்காரனாம்.
முதல் இதழில் அவன் கண்டவை:
சர்க்கரை விலை.
பிரிஸ்டலிலிருந்து ஒரு கப்பல்.
யாரோ தொலைத்த வெள்ளிக் கரண்டி.
அதற்குக் கீழே, அதே எழுத்தளவில்,
குவாஷிபா. வயது இருபது.
இடது புருவத்தில் வெட்டு. ஓடிப்போனவள்.
பிடித்துத் தருவோர்க்கு மூன்று டாலர்.

அடுத்த வாரம் வந்ததுதான்
எங்கள் வரலாற்றின் முதல் திருத்தம்:
மூன்று அல்ல, ஐந்து.
தவறுக்கு வருந்துகிறோம்.

வாரம் ஒன்று, வாரம் இரண்டு, பிறகு தினமும்.
ஞாயிறு மட்டும் நெடுங்காலம் விடுமுறை.
கையால் சுற்றிய அச்சு நீராவிக்கு மாறியது.
திருத்தங்களும் பெருகின.
கவர்னர் மனைவி உடுத்தியது பச்சைப் பட்டு அல்ல, நீலம்.
பிஷப் இறக்கவில்லை.

பனாமாவில் கால்வாய் வெட்டப் போய்
மண் சரிந்து செத்தவர் பட்டியலில்
'யார்வுட்' என்று ஒரு பெயர்.
எர்னஸ்டீன் இயர்வுட்
தீவின் வடமுனையிலிருந்து நடந்தே வந்தாள்.
மகன் சாகவில்லை என்று வாதாட அல்ல.
எழுத்துக் கோப்பவன் ஈயத்தைப் பொறுக்கிப் பொறுக்கி
அடுக்கி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.
வாசிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும்.
ஏழு இல்லை ஐயா, எட்டு எழுத்து.

முப்பத்தேழில் தெருவில் சுட்டார்கள்.
கொட்டை எழுத்தில் 'கும்பல்' என்றோம்.
மறுநாள் திருத்தினோம்:
கண்ணாடி உடைந்த கடைகள் ஐந்து அல்ல, ஏழு.
கும்பல் கும்பலாகவே நின்றது.

ஐம்பத்தைந்தின் புயலில் கூரை பறந்த ராத்திரி
எவரார்ட் ஸ்கீட் லாந்தர் வெளிச்சத்தில்
ஒற்றைத் தாள் ஒன்றை ஓட்டினார்.
'இன்று பிழைகள் இருக்கும், பொறுக்கவும்' என்று
தலையிலேயே போட்டார்.
தேடிப் பார்த்துவிட்டேன். ஒரு பிழை இல்லை.

விடுதலை நள்ளிரவில் வண்ண மை கிடையாது.
புதுக் கொடியைச் சாம்பலில் அச்சிட்டு
'நடுவில் உள்ளது பொன் எனக் கொள்ளவும்' என்றோம்.
தீவே அப்படிக் கொண்டது.

போன செவ்வாய் இரவு
திருத்த எதுவும் இல்லை.
மந்திரி சொன்னது மந்திரி சொன்னபடியே இருந்தது,
அதுவே சந்தேகம்தான்.
நான்கு வரி காலி.
எழுதினேன்:

*எங்கள் முதல் இதழ், மூன்றாம் பக்கம்.
குவாஷிபாவைப் பற்றிய குறிப்பில்
'ஓடிப்போனவள்' என வந்துள்ளது.
'விடுபட்டவள்' என வாசிக்கவும்.
தவறுக்கு வருந்துகிறோம்.*

வின்ஸ்லோ ஆலீன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"யார் கேட்டது இதை, வெரோனா?"
யாரும் கேட்கவில்லை.
ஐந்து டாலரை வாங்கிப்போக ஆள் வந்ததாகவும்
எந்த இதழிலும் இல்லை.
"ஒரு வரி அதிகம்," என்றார்.
வெட்டச் சொல்கிறாரா, விடச் சொல்கிறாரா
என்று தெரிவதற்குள்
தொலைபேசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
கீழே இருந்ததில் ஒரு வரியை எடுத்தேன்.

காலை ஆறேகாலுக்கு ஆய்ஸ்டின்ஸ் மீன்துறையிலிருந்து
ஒரு குரல், கடல் இரைச்சலோடு:
"ஏம்மா, தண்ணி ஏறும் நேரம் எங்கே?
படகு மணலில் குந்தியிருக்கிறது."
மன்னிப்புக் கேட்டேன்.
"அது சரி, யார் அந்தக் குவாஷிபா?
எங்கள் தெருவில் ஒருத்தி இருக்கிறாளே,
அவளா?"

இன்றைய திருத்தம்:
நேற்று விடுபட்ட கடல் ஏற்றம், அதிகாலை 5.42.